வேட்டைக்கு ஏற்ற ஊர்

ஊரை மாற்றிக் கொண்டு போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். உத்தியோகம் இழுத்த ஊருக்குப் போகிறவர்கள் முதல் வகை. பிள்ளைகளின் படிப்பு இழுத்த ஊருக்குப் போகிறவர்கள் இரண்டாம் வகை. இவ்விரண்டு கடமைகளும் தீர்ந்த பிற்பாடு, "இனிமேலாவது நம் இஷ்டப்படி ஓர் ஊரில் இருப்போம்" என்று புறப்படுகிறவர்கள் மூன்றாம் வகை. முதல் இரு வகையாருக்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் சிரமமே கிடையாது. எழுதி வைத்த இடத்தில் போய் இறங்க வேண்டியதுதான். மூன்றாம் வகையாரின் பாடுதான் திண்டாட்டம். அவர்கள் தங்கள் ஆசையைத் தாங்களே விசாரணை செய்து தீர்ப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மவர்களுடைய ஆசைகள் பெரும்பாலும் சாதுவானவை. கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் விசேஷம். அமெரிக்காவிலே இந்த மூன்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "வேட்டைக்கு ஏற்ற ஊர் எது?" என்று விசாரித்துக் குடிபோகிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அந்தத் தேசத்தின் மேற்குப் பாகத்தில் மான்டானா, வயோமிங் என்று விஸ்தாரமான ராஜ்யங்கள் இருக்கின்றன. மலையும் காடும் அதிகம், ஜனங்கள் குறைவு. அங்கே எல்க் என்னும் பெரிய ஜாதி மானை வேட்டையாடுவதற்காகவே பட்டணத்து உத்தியோகஸ்தர்கள் சிற்றூர்களில் வீடு தேடுகிறார்கள்.

ஆனால் துப்பாக்கியும் கையுமாகப் போய் இறங்கிய மறுநாளே மானைச் சுட்டுவிட முடியாது. உள்ளூர்வாசிக்கு லைசென்ஸ் கட்டணம் குறைவு. வெளியூர்க்காரருக்குப் பல மடங்கு. உள்ளூர்வாசி என்று பெயர் வாங்குவதற்கோ மான்டானாவில் 180 நாள் வாசம் செய்ய வேண்டும்; வயோமிங்கில் ஒரு வருஷம் முழுவதும் பொறுத்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் சில மிருகங்களுக்குக் குலுக்குச் சீட்டில் பெயர் விழுந்தால்தான் உண்டு. இது போதாதென்று, துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் வசூலாகும் வரியைக் காட்டு மிருகங்களின் சம்ரக்ஷணைக்கென்றே ஒதுக்கி 1937-ஆம் வருஷத்தில் ஒரு சட்டமும் செய்திருக்கிறார்கள். சுருங்கச் சொன்னால், காட்டிலிருந்து ஒன்றை எடுக்கிறவன் காட்டுக்கு ஒன்றை வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை நேயர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

மேல்நாட்டு ஊரை நாடிப் போன விஷயத்தில் நம் புதுக்கோட்டைச் சீமைக்கு ஒரு முன்னோடியே உண்டு. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் மாலி பிங்க் என்னும் வெள்ளைக்கார மங்கையை மணந்து கொண்டார். அந்தத் தேசத்தில் பந்தயக் குதிரைகளும் வைத்திருந்தார். பிறகு 1922-இல் ராஜ்ய பாரத்தைத் தம் சகோதரர் பொறுப்பில் விட்டுவிட்டுப் பிரான்ஸ் தேசத்தில் கான் என்னும் கடற்கரை ஊரில் குடியேறினார். 1928-இல் பாரிஸ் நகரத்தில் காலமானார். மகாராஜாவுக்கு ஊர் மாறுவது சுலபம். ராஜ்யத்தை ஒருவர் பார்த்துக் கொள்வார். நாமோ வீட்டு வாடகை, ரேஷன் கார்டு, பாட்டியின் மருந்து எல்லாவற்றையும் கூடவே தூக்கிக் கொண்டு போக வேண்டியவர்கள். ஆகையால் நம் தேசத்துக்குள்ளேயே யோசிப்போம்.

தமிழ் நாட்டில் வேட்டைக்காகவென்று ஊர் தேடிக் குடியேறியவர்கள் யாராவது உண்டா? உண்டு. அவர்கள் வெள்ளைக்காரர்கள், அந்த ஊர் உதகமண்டலம். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் வருஷத்தில் நீலகிரி மலைமீது ஏறினார். குளிர்ச்சியும் பச்சைப் புல்வெளியும் அவருக்குச் சொந்த நாட்டை நினைவூட்டின. பின்னால் வந்த துரைமார்களுக்கு அவற்றோடு வேட்டை மிருகங்களும் கண்ணில் பட்டன. இங்கிலாந்தில் நரியைத் துரத்தியவர்கள், இங்கே வேட்டை நாய்களைத் தருவித்துக் குள்ளநரியைத் துரத்தினார்கள். மலை உச்சிகளில் மேய்ந்த வரையாடுகளைக் குறி பார்த்தார்கள். தோடரும் படகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலை, துரைமார்களின் விளையாட்டு மைதானம் ஆயிற்று.

பலன் என்ன? சில பத்து வருஷங்களுக்குள் வரையாடு அருகிப் போயிற்று. அப்பொழுதுதான் வேட்டைக்காரர்களுக்கே கவலை பிறந்தது. சுடுவதற்கு மிருகம் இல்லாவிட்டால் துப்பாக்கியைத் துடைத்து வைத்துக் கொண்டு என்ன செய்வது? 1877-இல் நீலகிரியில் வேட்டை மிருகங்களைக் காக்க ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். 1879-இல் சட்டமும் வந்தது. இன்ன மாதத்தில் சுடக் கூடாது, லைசென்ஸ் இல்லாமல் சுடக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் பிறந்தன. அவர்களுக்கு வரையாட்டின் மீது திடீரென்று கருணை பிறந்துவிட்டதாக நாம் சொல்லவில்லை. எடுத்துக் கொண்டே போனால் தீர்ந்து போகும் என்ற சின்னக் கணக்கு, அறுபது வருஷம் சுட்ட பிற்பாடு அவர்களுக்குப் புலப்பட்டது, அவ்வளவுதான். அந்த வரையாடு இன்று தமிழ் நாட்டின் மாநில விலங்கு.

இந்தக் கணக்கு நம் கிராமவாசிகளுக்கு வெகு காலத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த வேடந்தாங்கலில் ஏரி மரங்களின் மேல் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகள் அறிந்திருந்தார்கள். கம்பெனிச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ஆம் வருஷத்தில் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். நீலகிரியில் துரைமார்கள் சங்கம் வைப்பதற்கு ஏறக்குறைய எண்பது வருஷங்களுக்கு முன்னால், படிப்பும் பட்டமும் இல்லாத குடியானவர்கள் சாதித்த காரியம் இது! சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கிராமத்தார் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊரின் பெயரிலே வேட்டை இருக்கிறது. ஊராரின் நடத்தையில் இல்லை.

இப்போது சட்டமும் கிராமத்தாரின் பக்கம் வந்துவிட்டது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இல் அதற்குச் செய்த திருத்தமும் வேட்டை என்னும் பொழுதுபோக்குக்கு இத்தேசத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. திருவிழாச் சமயத்தில் முயலைத் துரத்திப் பிடித்தாலும் வழக்கு உண்டு. இனி நம் நாட்டில் வேட்டைக்குப் போக அதிகாரம் உள்ளவர்கள் தெய்வங்கள் மட்டுமே. கோயில்களில் பாரிவேட்டை நடக்கிறது. சுவாமி எழுந்தருளி அம்பு போட்டுவிட்டுச் சாந்தமாகத் திரும்பி வருகிறார். ஒரு பிராணிக்கும் சேதம் இல்லை.

தெய்வ வேட்டை என்றதும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் பக்கம் நம் மனம் போகிறது. ஆலங்குடிக்கும் பேராவூரணிக்கும் நடுவே உள்ள பேரூர் அது. அதற்கு அருகில் குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் பாவனையில் முப்பது அடிக்கு மேல் உயர்ந்த குதிரைச் சிலை நிற்கிறது. மாசி மகத்தன்று பக்தர்கள் காகிதப் பூ மாலைகளைக் கொண்டு வந்து சாத்துகிறார்கள். குதிரையே மறைந்து போகும் அளவுக்கு மாலைகள் குவியும். அய்யனார் இரவில் குதிரையேறி வேட்டைக்குப் போகிறார் என்பது நம் கிராமங்களில் பொதுவாக உள்ள நம்பிக்கை. ஆனால் அவர் தேடிப் போவது மானையும் முயலையும் அல்ல; ஊருக்குள் கெட்ட எண்ணத்தோடு நுழைகிறவர்களை. குடியேற இடம் பார்க்கிறவர்கள் இதைக் கவனித்துக் கொள்வது நலம்!

கீரமங்கலம் குடியேறத் தகுந்த ஊர்தான். மெய்நின்றநாத சுவாமி கோயில் தடாகத்தில் 81 அடி உயரச் சிவபெருமான் சிலையும், எதிரே நக்கீரர் சிலையும் இருக்கின்றன. சிவபெருமானிடமே குற்றம் குற்றமே என்று வாதாடிய புலவரின் பெயரோடு ஊரின் பெயரையும் இணைத்துப் பேசுகிறார்கள். சுற்றுப்புறமெங்கும் செம்மண். மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி என்று வயல் வயலாகப் பூ பூக்கிறது. விடியற்காலையில் பறித்த மலர் வெயில் ஏறுமுன் கீரமங்கலம் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். பலாப் பழக் காலத்தில் கடைவீதி முழுவதும் மணக்கும். தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை. பட்டணத்திலே ஒரு முழம் பூவை நீட்டி அளக்கிறார்களா, சுருக்கி அளக்கிறார்களா என்று பூக்காரியோடு மன்றாடி அலுத்த குடும்பங்களுக்கு இதைப் பார்த்தால் மனம் குளிரும்.

"சரி, ஒரு மனைக்கட்டும் இரண்டு ஏக்கர் நிலமும் வாங்கிவிட வேண்டியதுதான்" என்று தோன்றுமல்லவா? அப்படித் தோன்றும்போதுதான் வேட்டை ஆரம்பமாகிறது.

துப்பாக்கி வேட்டை ஒழிந்தது வாஸ்தவம். அதன் இடத்தில் இப்போது தண்ணீர் வேட்டை வந்திருக்கிறது. தடம் பார்க்கிறவர் ஸ்தானத்தில் நீரோட்டம் பார்க்கிறவர் வருகிறார். கையில் கவண் குச்சியோ தேங்காயோ வைத்திருப்பார். துப்பாக்கி ஸ்தானத்தில் ரிக் வண்டி வந்து நிற்கிறது. இராப் பகலாக ஊர் அதிரக் குடைகிறது. தப்பி ஓடும் மானைப் போல நிலத்தடி நீர் கீழே, இன்னும் கீழே என்று போய்க் கொண்டிருக்கிறது. இந்தப் பிரதேசத்தில் முன்னொரு காலத்தில் ஏற்றம் போட்டு இறைத்த கிணறுகள் வற்றிப் போய், ஆழ்குழாய்கள் பல நூறு அடி இறங்கிவிட்டன. ஒருவர் ஆழமாகப் போட்டால் பக்கத்துத் தோட்டக்காரரின் குழாய் காற்றை இறைக்கிறது. அவர் கடன் வாங்கி அதைவிட ஆழமாகப் போடுகிறார். இதற்குப் 'போர் போடுதல்' என்று ஜனங்கள் பெயர் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இதில் விவசாயியைக் குறை சொல்வதற்கில்லை. பூச்செடி வாடினால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. நாம் சொல்வது ஓய்வுக்கு இடம் தேடி வருகிறவர்களைப் பற்றி. வருஷத்தில் இருபது நாள் வந்து தங்குவதற்குப் பண்ணை வீடு கட்டி, நானூறு ஐந்நூறு அடிக்குக் குழாய் இறக்கி, சீமைப் புல் வளர்க்கிறவருக்கும், நீலகிரிக்குப் போன துரைமார்களுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் ஊரின் அழகைக் கண்டு வந்தவர்கள்தாம். இருவருக்கும் ஊரின் மேல் ஆசைக்குக் குறைவில்லை. எடுத்தது எவ்வளவு, திருப்பி வைத்தது எவ்வளவு என்ற கணக்கு மட்டும் இருவரிடமும் இல்லை.

கீரமங்கலம் வட்டாரத்தார் இந்த மண்ணைச் சும்மா வைத்துக் கொண்டிருக்கவில்லை என்பதையும் வருகிறவர்கள் அறிய வேண்டும். பக்கத்திலுள்ள நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்துக்கு 2017-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தபோது, ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக வாரக்கணக்கில் உட்கார்ந்து அறப் போராட்டம் நடத்தினார்கள். காந்தியடிகள் காட்டிய வழி நம் கிராமங்களில் மறக்கப்படவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. பின்னர் 2020-இல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் செய்தபோது, காவிரிப் பாசன மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் சில வட்டாரங்களையும் அதில் சேர்த்தார்கள்.

மனிதர்களை எதிர்த்து நின்றவர்களை 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆந் தேதி கஜா புயல் சோதித்தது. ஒரே இரவில் தென்னையும் பலாவும் மாவும் வேரோடு சாய்ந்தன. தகப்பனார் வைத்த மரம் மகன் கண்முன்னே விழுந்து கிடந்தது. புதுக் கன்று காய்ப்பதற்கு எத்தனை வருஷம் வேண்டுமென்று விவசாயிக்குத் தெரியும். அத்தனை வருஷமும் சாப்பாட்டுக்கு என்ன வழி என்றுதான் தெரியாது. மறு வருஷம், 2019-இல், கொத்தமங்கலம், பேராவூரணி முதலிய ஊர்களின் இளைஞர்கள் அழுது கொண்டிருக்காமல் தங்களுக்குள் பணம் திரட்டி, தூர்ந்து கிடந்த ஏரி குளங்களை வெட்டினார்கள். கீழே போன நீரை விரட்டிப் பிடிப்பதை விட, மேலே வருகிற மழையை நிறுத்தி வைப்பது புத்திசாலித்தனம் என்று அந்தப் பிள்ளைகள் கண்டார்கள்.

இதெல்லாம் இருக்க, எடுத்ததைத் திருப்பி வைக்கும் தர்மத்துக்கு இந்த வட்டாரத்திலேயே ஓர் அற்புதமான ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் மொய் விருந்து. கீரமங்கலம், வடகாடு, நெடுவாசல், பேராவூரணி முதலிய ஊர்களில் ஆடி, ஆவணி மாதங்களில் இது நடக்கும். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. பணமுடை உள்ளவர்கள் பலர் ஒன்று சேர்ந்து பத்திரிகை அடித்துப் பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுகிறார்கள். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுகிறார்கள். எழுதிய தொகை நோட்டில் ஏறிவிடும். நாளைக்கு அவர் வீட்டு விருந்து வரும்போது வாங்கிய தொகையோடு புதிதாகக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. நோட்டும் நாணயமும் மட்டும்தான். இந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு. கடை வைத்தவர்கள் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. திருப்பி எழுதாதவனுக்குக் கோர்ட்டில் தண்டனை இல்லை. ஆனால் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அது பெரிய தண்டனை.

இதிலும் குறை உண்டு. வாங்கிய மொய்யைத் திருப்புவதற்காக வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். புயலுக்குப் பின்னும், 2020-இல் வந்த தொற்றுக் காலத்திலும் மொய் விருந்துகள் மிகவும் தடுமாறின. ஆனாலும் அதன் அடிப்படையைப் பாருங்கள். அமெரிக்காக்காரர்கள் 1937-இல் சட்டம் போட்டுச் செய்ததை, நீலகிரித் துரைமார்கள் வரையாடு தீர்ந்து போகும் தறுவாயில் கண்டு கொண்டதை, இந்தக் குடியானவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்: எடுத்தவன் வைக்க வேண்டும், எடுத்ததற்குக் கொஞ்சம் கூடவே வைக்க வேண்டும்.

இந்த நோட்டில் நிலத்தடி நீருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன என்பதே நம்முடைய யோசனை. ஒவ்வொரு வீட்டிலும் இத்தனை குடம் எடுத்தோம், கூரையில் விழுந்த மழையில் இவ்வளவு நிலத்துக்குத் திருப்பி விட்டோம் என்று எழுதி வைக்கட்டும். மழைநீர் சேகரிப்பு நம் ராஜ்யத்தில் 2003-ஆம் வருஷத்திலேயே கட்டாயம் ஆக்கப்பட்டது. பல வீடுகளில் அதற்கென்று வைத்த குழாய், சர்க்கார் அதிகாரி வந்தால் காட்டுவதற்காக மட்டும் சுவரோரமாக நிற்கிறது. அதிகாரிக்குப் பயந்து வைத்த குழாய் அப்படித்தான் இருக்கும். அண்டை வீட்டுக்காரர் நோட்டைப் புரட்டிப் பார்ப்பாரென்றால் அதில் கட்டாயம் தண்ணீர் ஓடும். மொய் பாக்கி வைத்தவனை ஊர் பார்க்கிற பார்வையை, மழைப் பாக்கி வைத்தவனையும் ஊர் ஒரு முறை பார்த்தால் போதும்.

ஆகவே, சிற்றூருக்குப் போய்க் குடியிருக்க விரும்பும் குடும்பத்தார் மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். இந்த ஊரில் பெய்கிற மழை எந்தக் குளத்துக்குப் போகிறது? அந்தக் குளத்துக்குப் போகும் வாய்க்காலின் மேல் நாம் வாங்கும் மனை அமைந்திருக்கிறதா? பக்கத்துத் தோட்டக்காரர் எத்தனை அடியில் தண்ணீர் எடுக்கிறார்? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாத ஊருக்குப் போக வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். மூன்றாவது கேள்விக்கு வந்த அடியை விட ஆழமாகப் போகாமல் காலம் தள்ள முடியுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து யோசிக்கட்டும்.

இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கீரமங்கலத்துக்கோ அதைப் போன்ற வேறோர் ஊருக்கோ போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். பூ மலிவு, பலாச் சுளை தித்திப்பு, மனிதர்கள் அன்னியோன்னியமானவர்கள். போன முதல் ஆடியிலேயே யாராவது மொய் விருந்துக்குப் பத்திரிகை கொண்டு வருவார்கள். தயங்காமல் போய்ச் சாப்பிடுங்கள். சக்திக்கு ஏற்றபடி எழுதுங்கள். மான்டானாவில் 180 நாள் காத்திருந்தால் உள்ளூர்வாசி ஆகலாம். கீரமங்கலத்தில் நோட்டிலே பெயர் ஏறிய அன்றைக்கே நீங்கள் ஊர்க்காரர், ஊருக்குக் கடன்பட்டவருங்கூட.